தண்டைத் தொட்டுப் பார்த்தீர்களா?

மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்துபோகும் என் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். ஸ்ட்ராபெரி வாங்குவார்கள், அவித்த சோளம் தின்பார்கள், தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் கியா பார்ம் சாலையோரத்தில் ஊதாவாக எது பூத்திருந்தாலும் அதையும் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். கூடவே ஒரு வரி: "இது காட்டு வெர்பினாதானே? போன் அப்படித்தான் சொல்லுது."

போன் அப்படித்தான் சொல்லும். ஊதாவில் சின்னச் சின்னப் பூ, உச்சியில் கொத்து, மெலிந்த தண்டு, இவ்வளவு தெரிந்தால் போதும், பக்கத்தில் இருக்கிற பெயரை எடுத்து நீட்டிவிடும். ஆனால் இந்த மலையில் ஊதா நிறம் எதற்குமே அடையாளம் ஆகாது. மூன்று நான்கு குடும்பங்களைச் சேர்ந்த செடிகள் ஒரே வளைவில் ஒரே ஊதாவில் நிற்கும். ஆகவே நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்பதுதான் எல்லாருக்கும் என் பதில். முதலில் தண்டைத் தொடுங்கள். அடுத்து, இலை தண்டோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பூவுக்கு வருவதற்குள் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

ஊர் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப் போகும் சாலையில், 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது கியா பார்ம். பலருக்கு அது காய்கறிச் சந்தை, விடுமுறை நாள் வாகன நெரிசல், அவ்வளவுதான். அங்கிருந்துதான் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு குறுகலான சாலை பிரிகிறது. அதே சாலை மேலே ஏறி, 2,000 மீட்டரைத் தாண்டிய குனோங் பிரிஞ்சாங் உச்சிவரை போகும். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்று சுங்கை பாலாஸ்.

தேயிலை நிரைகளுக்குள் இறங்கி ஊதாப்பூ தேடிப் பயனில்லை. களையெடுப்பும் மருந்தடியும் அங்கே எதையும் விட்டுவைப்பதில்லை. செடிகள் நெருங்கி மூடிய நிழலில் முளைப்பதும் குறைவு. சாலைக்காக வெட்டிய மண்சரிவு, வடிகால், பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு வெளியே கிடக்கும் பாத்தியோரம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம். நம் வேலையெல்லாம் இங்கேதான்.

அப்படி ஒரு லயத்துக்குப் பின்னால் நான் குனிந்து நின்றபோது, வேலை முடிந்து வந்த ஒரு ஆன்ட்டி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்னா தம்பி தேடுற?"

"பூ பாக்குறேன் ஆன்ட்டி."

"பூவா? இதெல்லாம் களைலா. இதைப் புடுங்கியே என் இடுப்பு போச்சு."

அப்புறம் அவரே வந்து பக்கத்தில் நின்று விளக்க ஆரம்பித்துவிட்டார். இது வேரோடு வராது, அடியில் கட்டையாகிப் போயிருக்கும், பாராங் கத்தி வேண்டும். அது இழுத்த இழுப்பில் வந்துவிடும், ஆனால் கை நாறும். இந்த இன்னொன்று பிடித்தால் கையைக் கீறும். எதற்கும் பெயர் சொல்லவில்லை. பூவைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றையும் கையாலேயே பிரித்துவிட்டார். தாவரவியல் வகுப்பில் இதைத்தான் அரைமணி நேரம் சொல்லித்தருவார்கள்.

சரி, முறையாக வருவோம். வெர்பினேசி குடும்பத்துச் செடி என்றால் பெரும்பாலும் இளந்தண்டு நாலு பட்டையாக இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் விளிம்பு தட்டும். இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். அசல் வெர்பினாவில் தண்டும் இலையும் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும்.

இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. துளசி, தும்பை, புதினா எல்லாவற்றுக்கும் இதே நாலு பட்டைதான், இதே எதிரிலைதான். அவை லேமியேசி, வெர்பினேசிக்குப் பங்காளிக் குடும்பம். இரண்டையும் பிரிக்கப் பூவின் வாயைப் பார்க்க வேண்டும். லேமியேசியில் பல பூக்களுக்கு மேலுதடு, கீழுதடு என்று வாய் பளிச்சென்று பிளந்திருக்கும். வெர்பினாப் பூவில் மெல்லிய குழலின் நுனியில் ஐந்து மடல்கள் கிட்டத்தட்டச் சமமாக விரிந்திருக்கும். கூர்ந்து பார்த்தால்தான் லேசான ஏற்றத்தாழ்வு தெரியும். பூக்கிற ஒழுங்கும் வேறு. வெர்பினாக் கதிர் அடியில் ஆரம்பித்து மேலே மேலே பூத்துக்கொண்டு போகும், நுனி வளர்ந்துகொண்டே இருக்கும். துளசிக் கதிரை நினைத்துப் பாருங்கள்: கணுக்கணுவாக, அடுக்கடுக்காகச் சிறு கொத்துகள்.

இங்கே ஒரு குடும்பத் தகராறைச் சொல்லாமல் போக முடியவில்லை. பழைய தாவர நூல்களைப் புரட்டினால் தேக்கு, நொச்சி, குமிழ் எல்லாம் வெர்பினேசியில் இருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். பூங்கொத்தின் அமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளுக்குப் பிறகு, 1990களில் தொடங்கி அவை லேமியேசிக்கு மாறிவிட்டன. ஆக இன்றைய கணக்கில் தேக்கு மரம் துளசிக்குச் சொந்தம், வெர்பினாவுக்கு இல்லை. நமக்குப் பழக்கமான செடிகளில் வெர்பினேசியிலேயே தங்கிவிட்டது பொடுதலை. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தரையோடு படர்ந்து, சின்ன உருண்டைத் தலையைச் சுற்றி ஒரு வளையமாக வெளிர் ஊதாப் பூ வைக்குமே, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதுதான். காட்டு வெர்பினாவின் உறவை உள்ளூரிலேயே பார்க்க வேண்டும் என்றால் பொடுதலையை எடுத்து லென்ஸில் வையுங்கள். பத்து மடங்கு கைலென்ஸ் போதும்.

இப்போது அசல் வெர்பினா. தோட்டக்காரர்கள் கொண்டாடும் உயரமான வெர்பினாவின் பெயர் வெர்பினா பொனாரியென்சிஸ். புவெனஸ் அயர்ஸ் பக்கத்துச் செடி என்று லின்னேயஸ் 1753-இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். தென்னமெரிக்காவிலிருந்து தோட்டச்செடியாகக் கிளம்பிப் பல நாட்டுச் சாலையோரங்களில் களையாகக் குடியேறிவிட்டது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: ஆள் இடுப்புக்கும் மேலே, சில இடத்தில் தோள் உயரத்துக்கு, இலையே இல்லாததுபோல் விறைத்த தண்டு, உச்சியில் இறுக்கமான ஊதாக் கொத்துகள். மலைநாடு, குளிர், வெட்டிய மண், தேயிலை எல்லாம் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான் என்பதால், ஊட்டியைப் பார்த்த கண்ணோடு கியா பார்முக்கு வருகிறவர்களுக்கு எல்லா ஊதாவும் அதுவாகவே தெரிகிறது.

ஊட்டியில் இருக்கும் என் சித்திக்கு ஒருநாள் இந்தச் செடியின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நியாயமான சந்தேகம். ஏனென்றால் பொனாரியென்சிஸ் என்ற பெயருக்குள்ளேயே பல காலம் இரண்டு செடிகள் ஒளிந்திருந்தன. பீட்டர் மைக்கேல் என்ற தாவரவியலாளர் 1990களில் ஆஸ்திரேலியச் செடிகளை ஆராய்ந்து, அங்கே பொனாரியென்சிஸ் என்று அழைக்கப்பட்டவற்றில் ஒன்றை வெர்பினா இன்கம்ப்டா என்று தனியாகப் பிரித்தார். இவற்றோடு மூன்றாவதாகச் சேர்ந்து குழப்புவது வெர்பினா பிரசிலியென்சிஸ்.

சித்திக்கு நான் எழுதியனுப்பியது இதுதான். முதலில் இலையின் அடியைப் பாருங்கள். இலை காம்பில்லாமல், இரண்டு பக்கமும் விரிந்து தண்டைத் தழுவிக்கொண்டிருந்தால் அது பொனாரியென்சிஸ் அல்லது இன்கம்ப்டா. அடி ஒடுங்கிக் கூம்பி, தழுவாமல் நின்றால் பிரசிலியென்சிஸ் பக்கம் போங்கள். தழுவுகிற இரண்டில், பொனாரியென்சிஸின் பூக்குழல் புல்லியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம்; பூக்கள் நன்றாக வெளியே எட்டிப் பார்க்கும், கொத்து குட்டையாக இறுக்கமாகவே இருக்கும். இன்கம்ப்டாவில் பூ புல்லியைவிடக் கொஞ்சம்தான் நீண்டிருக்கும். காய் பிடிக்கப் பிடிக்கக் கதிர் நீண்டுகொண்டே போகும். ஆகவே பூவைப் பக்கவாட்டில், ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள்; மேலிருந்து எடுத்த அழகான படம் எனக்கு வேண்டாம்.

இதே பேரினத்தில் இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெர்பினா ரிஜிடா குட்டை. முழங்கால் உயரத்தைத் தாண்டினால் அதிகம். இலை விறைப்பாக இருக்கும், வேர்க்கிழங்கு ஓடிக் கூட்டமாகப் பெருகும், ஊதா அடர்த்தி. வெர்பினா அஃபிசினாலிஸ் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பழைய மருந்துச்செடி. அடி இலைகள் ஆழமாகப் பிளந்திருக்கும், கதிர் நூலாக நீண்டு பூக்கள் இடைவெளி விட்டு நிற்கும், நிறம் வெளிறியது. சீன மருந்துக் கடைகளில் மா பியன் சாவ் என்று கேட்டால் இதைக் காயவைத்துத் தருவார்கள். இதைக் களையாக எதிர்பார்த்துக் கியா பார்மில் அலையாதீர்கள். கடைக்குப் போவது சுலபம்.

கியா பார்ம் நாற்றுக் கடைகளில் தொட்டியில் தொங்கும் வெர்பினா இருக்கிறதே, ஊதா, சிவப்பு, வெள்ளை என்று பெரிய தலையாகப் பூப்பது, அதைக் கடைக்காரர் வெர்பினா என்று விற்பதில் தப்பில்லை. தாவரவியலில் அது கிளாண்டுலேரியா. முன்பு வெர்பினாவில்தான் இருந்தது. குரோமோசோம் அடிப்படை எண் வெர்பினாவில் ஏழு, கிளாண்டுலேரியாவில் ஐந்து. கடையில் நின்று அதை எண்ண முடியாது. அதனால் கைக்கு எளிதான வழி: செடி தரையோடு படருகிறதா, கணுவில் வேர்விடுகிறதா, பூ விரல்நகம் அளவுக்கு அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆமென்றால் கிளாண்டுலேரியா. அதிலும் ஒரு வகையின் இலை கொத்தமல்லித் தழையைவிட நுணுக்கமாகக் கிழிந்திருக்கும்.

எனக்கு வந்த படங்களில் அதிகம் ஏமாற்றியது இவை எதுவும் இல்லை, சீமை நாயுருவி. ஸ்டாக்கிடார்ஃபெட்டா என்ற நீண்ட பெயர். இதுவும் வெர்பினேசிதான், இதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான், எனவே போனைச் சொல்லிக் குற்றமில்லை. தாப்பாவிலிருந்து மலையேறும்போது ரிங்லெட் வரைக்கும் பார்த்துக்கொண்டே வாருங்கள். மேலே போகப் போகக் குறையும். வண்ணத்துப்பூச்சித் தோட்டம் வைப்பவர்கள் விரும்பி நடுவார்கள், தேன் அவ்வளவு.

ஒருமுறை கவனித்துவிட்டால் இதை மறக்கவே முடியாது. பச்சைக் கதிர் ஒரு சாணுக்குக் குறையாமல் நீண்டு நிற்கும். அதில் ஏதோ ஓரிடத்தில் மட்டும் நாலைந்து பூ. காலையில் விரிந்த பூ பிற்பகலுக்குள் உதிர்ந்துவிடும், மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே அடுத்த வளையம். மொட்டும் காயும் கதிரின் சதையிலேயே பள்ளம் பறித்து உட்கார்ந்திருக்கும். நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். வெர்பினாவில் பூ அப்படிப் புதைந்திருக்காது. பூவைப் பிளந்து பார்க்கும் பொறுமை இருந்தால், வெர்பினாவில் நான்கு மகரந்தத்தாள், இதில் மகரந்தம் தருவது இரண்டுதான். இதற்குள்ளேயே வகைகள் உண்டு. கதிர் தடித்து, இலை வழவழப்பாக, பூ வெளிர்நீலம் கலந்த ஊதாவாக இருந்தால் ஜமைக்கென்சிஸ். கதிர் மெலிந்து, இலை கொப்புளம் கொப்புளமாகப் புடைத்து, பூ அடர் ஊதாவாக நடுவில் வெள்ளைக் கண்ணோடு இருந்தால் கயனென்சிஸ்.

இந்தச் செடிக்குப் பிரேசில் தேநீர் என்றும் ஒரு பெயர் உண்டு. இலையைக் காயவைத்துக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். லயத்துப் பின்புறம் அந்த ஆன்ட்டி பாராங் கேட்ட செடி இதுதான். தேயிலைத் தோட்டத்தில் பிரேசில் தேநீரை வெட்டிப் போடுகிறோம் என்று சொன்னேன். சிரிக்கவில்லை.

தேநீர் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. நகரத்து காப்பிக் கடைகளில் வெர்பினா டீ என்று எலுமிச்சை மணத்தோடு ஒன்று கொடுக்கிறார்களே, அது இந்தக் காட்டு வெர்பினாக்களில் எதுவும் இல்லை. அலோய்சியா சிட்ரோடோரா என்ற தென்னமெரிக்கப் புதர், அதே குடும்பம். கணுவுக்கு மூன்று இலை, கசக்கினால் எலுமிச்சை. சாலையோரத்து ஊதாவைப் பறித்துக் கொதிக்க வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள்; அந்த ஓரமெல்லாம் மருந்தடித்த மண்.

இனி வெர்பினாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஊதாக்கள். இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது செண்டுடுக். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை: பள்ளி விட்டு வரும் வழியில் பழத்தைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டி, யாருடையது அதிகம் கறுத்திருக்கிறது என்று போட்டி போட்டிருப்போம். வெர்பினாவோடு குழப்ப வாய்ப்பே இல்லை. ஆனாலும் படம் வருகிறது. இலையைப் பாருங்கள், அடியிலிருந்து நுனிக்கு மூன்று முதல் ஐந்து நரம்பு இணையாக ஓடும். அந்த ஒரு அடையாளம் போதும். பூவில் இரண்டு விதமான மகரந்தத்தாள்கள்: குட்டையாக மஞ்சளில் ஐந்து, வளைந்து நீண்டு ஊதாவில் ஐந்து. மஞ்சள், வண்டுக்குத் தீனி. வண்டு அதில் மும்முரமாக இருக்கையில், கண்ணில் படாத ஊதாத் தாள் அதன் உடம்பில் மகரந்தத்தைத் தூவிவிடுகிறது. பெரிய கறுப்புத் தச்சு வண்டு வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் காத்திருங்கள். இறக்கையை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும், அப்போது அதன் ரீங்காரமே மாறும்.

விடுதித் தோட்டங்களில் இதைவிடப் பெரிய, பட்டுப்போன்ற ஊதாப் பூ இருந்தால் அது பிரேசிலிலிருந்து வந்த திபூச்சினா. அதே குடும்பம், இலையில் அதே இணை நரம்பு, ஆனால் மகரந்தத்தாள் எல்லாமே ஊதா, கொக்கி வளைவு.

செண்டுடுக்கை நான் இவ்வளவு தூரம் இழுப்பதற்குக் காரணம் மண். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்கு வரும். பெரும்பாலான பயிர்களுக்கு அது நஞ்சு. செண்டுடுக் அதை உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு செழிக்கும். தேயிலையும் அதே ஜாதி, முற்றிய தேயிலையில் அலுமினியம் நிறைய இருக்கும். கியா பார்ம் வீடுகளின் முன்னால் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா நீலமாவதும் அதே அலுமினியத்தால்தான். முட்டைக்கோசுக்காகச் சுண்ணாம்பு போட்ட பாத்திக்குப் பக்கத்தில் அதே செடியை வைத்தால் பூ இளஞ்சிவப்புக்குப் போகும். நிறத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது: ஒரே செடி, மண்ணை மாற்றினால் நிறம் மாறுகிறது. இலை நரம்பு மாறுவதில்லை.

ஆன்ட்டிக்குக் கை நாறிய செடி அஜெரேட்டம். மலாய்க்காரர்கள் கோழி எச்சத்தின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள், மணம் அப்படி. தூரத்தில் வெர்பினாக் கொத்து போலத் தெரியும். கிட்டே போனால் இதழே இருக்காது, பஞ்சு பஞ்சாக நூல்கள். சூரியகாந்திக் குடும்பம், ஒரு பூ என்று நாம் நினைப்பது பல பூக்களின் தலை. தண்டும் உருண்டை. வரிப்புலி நிறத்து வண்ணத்துப்பூச்சிகளில் ஆண்கள் இதில் மொய்க்கும். தேனுக்காக மட்டும் இல்லை, இனச்சேர்க்கைக்கான வாசனையைத் தயாரிக்க வேண்டிய வேதிப்பொருள் இதில் கிடைக்கிறது. காய்கறிக்காரர்களுக்கு இது ஆகாது. இலைச்சுருட்டை வகை வைரஸ்கள் இதில் தங்கி வெள்ளை ஈ வழியாகப் பயிருக்குப் போகும்.

மிச்சம் இருப்பவை சுலபம். கையைக் கீறியது உண்ணிச்செடி, தண்டில் முள், பழம் சதைப்பற்றோடு கறுப்பு. அதிலேயே முள்ளில்லாமல் ஊதாவாகத் தரையில் படரும் தோட்ட வகை ஒன்று உண்டு. இரண்டும் வெர்பினேசி. வேலியில் ஊதாப் பூவும் மஞ்சள் மணிக் காய்ச்சரமும் சேர்ந்து தொங்கினால் துராந்தா, அதுவும் வெர்பினேசி, காய் விஷம், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். லேவண்டர் என்று படம் எடுப்பவற்றில் பல, சால்வியா. வெல்வெட் போன்ற ஊதாப் புல்லியும் பிளந்த உதடும் இருந்தால் சால்வியா என்று எழுதிக்கொள்ளுங்கள். அசல் லேவண்டரா என்று தெரிய இலையை ஒருமுறை கசக்கினால் போதும். அது மணத்தில் பொய் சொல்லாது.

எனக்குப் படம் அனுப்புவதானால் இனி இப்படி அனுப்புங்கள்: இலையடி தண்டோடு சேரும் இடம், பூ பக்கவாட்டில் அளவுகோலோடு, பூ உதிர்ந்த பழைய கதிர் ஒன்று. குறுக்கே வெட்டிய தண்டும் இருந்தால் நல்லது. தொட்டால் எப்படி இருந்தது, கசக்கினால் என்ன மணம் என்று இரண்டு வரி எழுதுங்கள். எந்தக் கேமராவும் அதைப் பிடிப்பதில்லை.

சித்தி இதையெல்லாம் அப்படியே செய்தார். இலையடி தண்டைத் தழுவியிருந்தது. அளவுகோலுக்குப் பதில் பேரனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த பாகைமானியை வைத்திருந்தார், அதன் அடிக்கோட்டில் மில்லிமீட்டர் தெளிவாக இருந்தது. குழல் புல்லியைப் போல இரண்டு மடங்கு. பொனாரியென்சிஸ்தான். கீழே அவர் எழுதியிருந்த வரி: "தொட்டா சொரசொரன்னு இருக்கு, மணம் ஒண்ணும் இல்ல, பக்கத்து வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போறாங்க."